கேட்பாரற்ற ஓவியங்கள் – திருமலைப் பாறையின் முன் சில எண்ணங்கள்

சிவகங்கை மாவட்டத்தில் மதகுபட்டிக்கு அருகே திருமலை என்றொரு சிற்றூர் உள்ளது. ஊருக்குப் பெயர் தந்த குன்றில் பாண்டியர் காலக் குடைவரை ஒன்றும், அதனைச் சார்ந்து வளர்ந்த மலைக்கொழுந்தீசுவரர் திருக்கோயிலும் உள்ளன. இயற்கையாக அமைந்த பாறை ஒதுக்குகளில் கற்படுக்கைகளைக் காணலாம். அவற்றை ஒட்டித் தமிழ் பிராமி எழுத்துகளும் வெட்டப்பட்டுள்ளன. கோட்டையூரிலிருந்து காலையில் புறப்பட்டால் மதிய உணவுக்கு வீடு திரும்பிவிடக்கூடிய தொலைவுதான்.

நாம் முதன்முறை அங்குச் சென்றது பல ஆண்டுகளுக்கு முன்பு. முதுகலை மாணவர் சிலருக்குத் தமிழ் பிராமியை நேரில் காட்ட வேண்டும் என்பது நோக்கம். கல்வெட்டைக் கண்டோம்; ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தோம்; குறிப்பேட்டில் பார்த்தெழுதிக் கொண்டோம்; நிழற்படமும் எடுத்தாயிற்று. வெயில் ஏறுமுன் இறங்கிவிடலாம் என்று திரும்பியபோது, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் நம்மை நிறுத்திக் கேட்டார்.

"எழுத்த மட்டும் பாத்துட்டுப் போறீகளே ஐயா, பொம்மையப் பாக்கலையா?"

அவர் கைகாட்டிய பாறையில் செங்காவி நிறத்தில் உருவங்கள் இருந்தன. மனிதர் என்று தெளிவாகத் தெரிந்தவை சில. இன்னவென்று சொல்ல இயலாமல் மங்கிப்போனவை சில. சற்று முன்னர் அந்தப் பாறையைக் கடந்துதான் நாம் சென்றிருந்தோம். எழுத்தைத் தேடிச் சென்ற கண்ணுக்கு ஓவியம் தட்டுப்படவில்லை. "பாத்தாச்சு ஆத்தா" என்று அவரிடம் சொல்லிவிட்டு இறங்கிவிட்டோம். அது என்ன பொம்மை, அதைப் பற்றி ஊரில் என்ன சொல்வார்கள் என்று ஒரு சொல்லும் கேட்கவில்லை. தமிழ் இலக்கியம் கற்பிப்பவராகிய நமக்கு அன்று நேர்ந்த அந்தத் தவறைப் பற்றியதே இக்கட்டுரை.

முதலில் நாம் தேடிப்போன எழுத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். திருமலைக் கல்வெட்டுகளுள் ஒன்று, எருக்காட்டூரைச் சேர்ந்த காவிதி ஒருவர் செய்வித்த பள்ளி என்ற செய்தியைத் தருகிறது. ஐராவதம் மகாதேவன் 2003இல் வெளியிட்ட பழந்தமிழ்க் கல்வெட்டுகளின் பெருந்தொகுப்பில் இதன் வாசிப்பு இடம்பெற்றுள்ளது. கிறித்து பிறப்பதற்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்த எழுத்து இது என்பது அறிஞர் கருத்து. சில சொற்களே கொண்ட சிறு கல்வெட்டுதான். ஆனால் அச்சில சொற்களைப் பற்றிக்கொண்டு எவ்வளவு தொலைவு செல்ல முடிகிறது என்று பாருங்கள்.

காவிதி என்பது பழந்தமிழகத்தில் சிறப்புடையோர்க்கு வழங்கிய பட்டம். மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளம் கல்வெட்டிலும் இப்பட்டம் வருகிறது. எருக்காட்டூர் என்ற ஊர்ப்பெயரோ திருப்பரங்குன்றத்துத் தமிழ் பிராமிக் கல்வெட்டிலும் காணப்படுகிறது. அங்கே கற்படுக்கை செய்து கொடுத்தவர் எருக்காட்டூரைச் சேர்ந்த ஈழக் குடும்பிகன் என்று குறிக்கப்படுகிறார். சங்கப் புலவர் வரிசையில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் என்பவர் இருப்பதை இலக்கிய வாசகர்கள் அறிவர். இவையெல்லாம் ஒரே ஊரைக் குறிக்கின்றனவா என்பது தனி ஆய்வுக்குரியது. ஆயினும் ஒரு பட்டம், ஓர் ஊர்ப்பெயர் என்ற இரு சொற்களைக் கொண்டே திருமலையிலிருந்து மாங்குளத்துக்கும், பரங்குன்றத்துக்கும், ஈழத்துக்கும், சங்கப் பாடலுக்கும் வழி பிறக்கிறது. வகுப்பறையில் இதைச் சொல்லும்போது மாணவர் முகத்தில் ஒளி தோன்றுவதைப் பலமுறை கண்டிருக்கிறோம்.

இனி அதே குன்றின் செங்காவி உருவங்களுக்கு வருவோம். இவற்றிலிருந்து எங்கே செல்லலாம்? வரைந்தவர் யார், எந்த நாளில் வரைந்தார், வேட்டைக்கு முன்னரா பின்னரா, வழிபாட்டின் பொருட்டா பொழுதுபோக்காகவா என்று எந்தக் கேள்வி கேட்டாலும் பாறை விடை தருவதில்லை. காலத்தைக் கணிப்பதுகூட எளிதன்று. செங்காவி என்பது இரும்பு ஆக்சைடு கலந்த மண். அதில் கரிமப்பொருள் இல்லாமையால் கரிமக் கணிப்பு முறையை நேரடியாகப் பயன்படுத்த வழியில்லை. ஓர் உருவத்தின் மேல் மற்றோர் உருவம் வரையப்பட்டுள்ள முறை, வரைவுப் பாணி, அருகே கிடைக்கும் கற்கருவிகள், ஈமச்சின்னங்கள் ஆகியவற்றைக் கொண்டு உய்த்துணர்வதே பெரும்பாலும் கைக்கொள்ளப்படும் வழி.

பாறை ஓவியங்கள் தமிழகத்துக்குப் புதியன அல்ல. விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலை, கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லப்பாடி, நீலகிரி மாவட்டத்துக் கரிக்கியூர் என்று நீண்ட பட்டியலே உண்டு. இந்திய அளவில் பார்த்தால், ஆர்ச்சிபால்ட் கார்லைல் 1867-68ஆம் ஆண்டுகளில் மிர்சாப்பூர்ப் பகுதிப் பாறை ஓவியங்களைக் கண்டார். ஸ்பெயின் நாட்டு அல்தமிரா குகை ஓவியங்கள் உலகுக்குத் தெரியவந்ததற்குப் பத்தாண்டுகளுக்கும் மேல் முற்பட்ட நிகழ்ச்சி இது. வாகன்கர் 1957இல் கண்டறிந்த பீம்பேட்கா 2003இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. ஆகவே ஓவியங்களைக் கண்டுபிடிப்பதில் நாம் பின்தங்கியிருக்கவில்லை. அவற்றைப் பற்றிக் கேட்டறிவதில்தான் பின்தங்கிவிட்டோம் என்று தோன்றுகிறது.

கேட்டறிதல் என்று இங்கே சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. பரிபாடலின் பத்தொன்பதாம் பாடல் திருப்பரங்குன்றத்துக்கு வந்த மக்கள் கூட்டத்தைக் காட்டுகிறது. அங்கே ஓவியங்கள் தீட்டப்பெற்ற மண்டபம் ஒன்று இருக்கிறது. காமனும் இரதியும், பூனை வடிவில் ஒளியும் இந்திரனும், அகலிகையும், சினங்கொண்ட கௌதமனும் அங்கே தீட்டப்பட்டுள்ளனர். காண வந்தவர்கள் இது யார், இது யார் என்று வினவுகிறார்கள். உடன் வந்தவர்கள் இன்னார் இன்னார் என்று சுட்டிச் சொல்கிறார்கள். அந்தக் காட்சியின் அழகே அந்த வினாவிலும் விடையிலும்தான் இருக்கிறது. சுவரில் வண்ணம் இருக்கிறது; எதிரே கேட்பவர் இருக்கிறார்; பக்கத்தில் சொல்பவர் இருக்கிறார். மூவரும் கூடியபோதுதான் ஓவியம் முழுமை பெறுகிறது. பழந்தமிழில் எழுதுதல் என்ற ஒரே வினை, எழுத்தை எழுதுவதற்கும் ஓவியத்தைத் தீட்டுவதற்கும் பொதுவாக வழங்கியதையும் இங்கே நினைவிற் கொள்ளலாம். இரண்டையும் பிரித்து, ஒன்றைப் படிப்புக்கும் மற்றொன்றை வேடிக்கைக்கும் ஒதுக்கியவர்கள் பிற்காலத்தவராகிய நாமே.

பக்கத்தில் நின்று சொல்ல ஆளில்லாதபோது நூல்கள் அந்தப் பணியைச் செய்வதும் உண்டு. அதற்குச் சான்று புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசல். அங்கே அறிவர் கோயில் என்னும் சமணக் குடைவரையின் விதானத்தில் தாமரைக் குளம் ஒன்று தீட்டப்பட்டுள்ளது. அல்லியும் தாமரையும் மீனும் அன்னமும் யானையும் எருமையும் நிறைந்த அக்குளத்தில் இறங்கிச் சிலர் மலர் கொய்கின்றனர். பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்த செய்தி அங்குள்ள கல்வெட்டில் இருக்கிறது. வெறுங்கண்ணால் காண்பவர்க்கு அது ஓர் அழகிய குளம்; அவ்வளவே. சமண நூல்களை அறிந்தவர்களோ, அருகக் கடவுள் அறமுரைக்கும் சமவசரணம் என்ற தெய்வ மண்டபத்தைச் சூழ்ந்த நிலப்பகுதிகளுள் ஒன்றான காதிகா பூமி அது என்று விளக்குகிறார்கள். அறவுரை கேட்கச் செல்லும் பக்குவப்பட்ட உயிர்கள் மலர் கொய்யும் இடம் அது. சமண நூல்கள் அழிந்துபோயிருக்குமானால், சித்தன்னவாசல் குளத்தை ஏதோ ஒரு சிற்றரசனின் நீர்விளையாட்டு என்று நாம் எழுதியிருப்போம். அதை நம்பியும் இருப்போம்.

திருமலையின் செங்காவி உருவங்களுக்குச் சொல்பவரும் இல்லை, நூலும் இல்லை. இந்த நிலையில் இருந்த ஓவியங்களுக்கு எங்கேனும் சொல் திரும்பக் கிடைத்திருக்கிறதா என்று தேடினால், உலகில் அதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு தென்னாப்பிரிக்காவில் கிடைக்கிறது. நமக்கு முற்றிலும் தொடர்பற்ற நிலமன்று அது. செட்டிநாட்டார் வணிகத்தின் பொருட்டுக் கப்பலேறியது பெரும்பாலும் பர்மா, மலாயா, இலங்கை நோக்கியே. ஆனால் 1860 நவம்பரில் ட்ரூரோ என்ற கப்பல் மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு டர்பன் துறையை அடைந்தது; தமிழர் பலர் அதன்பின் நேட்டால் கரும்புத் தோட்டங்களில் உழைத்தனர். அந்த நேட்டாலின் மேற்கெல்லையாக நிற்பது டிராக்கன்ஸ்பர்க் மலைத்தொடர். அதன் பாறை ஒதுக்குகளில் பல்லாயிரக்கணக்கான ஓவியங்கள் உள்ளன. வரைந்தவர்கள் சான் என்று இன்று அழைக்கப்படும் வேட்டைக்குடி மக்கள். சான் என்பதும் அவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயரன்று. அண்டையிலிருந்த கால்நடை மேய்ப்பர் இட்ட பெயர். நம் ஒப்பந்தத் தொழிலாளர் டர்பனில் இறங்கிய அக்காலத்தில், குடியேறிய வெள்ளையரின் துப்பாக்கிப் படைகளாலும் நிலப்பறிப்பாலும் சான் மக்கள் பல இடங்களில் அழிவின் விளிம்பிலிருந்தனர்.

அந்த அழிவுக்கு நடுவே ஒரு நற்செயல் நடந்தது. கேப் டவுனில் வாழ்ந்த ஜெர்மானிய மொழியறிஞர் வில்ஹெல்ம் பிளீக், 1870இல் அவ்வூர்ச் சிறையிலிருந்த சான் கைதிகள் சிலரைத் தம் வீட்டில் தங்கவைத்து, அவர்கள் மொழியைக் கற்கத் தொடங்கினார். நாவைச் சொடுக்கி எழுப்பும் ஒலிகள் நிறைந்த அம்மொழியை எழுதுவதற்கென்றே குறிகளை வகுத்துக்கொண்டனர் அவரும் அவர் மனைவியின் சகோதரி லூசி லாயிடும். அங்கே தங்கியவர்களுள் காபோ என்ற முதியவர் குறிப்பிடத்தக்கவர். அவர் பெயருக்குக் கனவு என்பது பொருள். சிறைத் தண்டனை முடிந்த பின்னரும், தம் மக்களின் கதைகள் ஏட்டில் ஏற வேண்டும் என்பதற்காகவே அவர் தங்கியிருந்தார். ஊருக்குத் திரும்பித் தம்மவர் கதை சொல்லக் கேட்டபடி அமர்ந்திருக்க வேண்டும் என்பதே அவர் ஏக்கம். 1873இல் ஊர் திரும்பிய அவர் 1876இல் மறைந்தார். பிளீக் 1875இலேயே காலமானார். லாயிட் பணியைத் தொடர்ந்தார். 1911இல் ஒரு தொகுதியை நூலாகவும் வெளியிட்டார். இவர்கள் எழுதிவைத்த குறிப்பேடுகள் ஏறத்தாழ 12,000 பக்கங்கள். 1997இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் அவை சேர்க்கப்பட்டன. காபோ பேசிய மொழியை இன்று பேசுவோர் ஒருவரும் இல்லை. 2000ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்கா தன் புதிய அரசுச் சின்னத்தின் குறிக்கோளுரையை அம்மொழியில்தான் அமைத்துக்கொண்டது. குறிப்பேடுகள் இல்லாதிருந்தால் அதுவும் இயன்றிராது.

ஓவியத்துக்கும் இக்குறிப்பேடுகளுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். 1873இல் ஜோசப் ஆர்ப்பன் என்ற அதிகாரி, இன்றைய லெசோத்தோவின் மலைகளில் பயணம் செய்தபோது, க்விங் என்ற சான் இளைஞர் அவருக்கு வழிகாட்டியாக வந்தார். பாறைகளில் கண்ட ஓவியங்களைப் பற்றி ஆர்ப்பன் வினவ, க்விங் விளக்கினார். ஈலண்ட் என்னும் பெரிய மானினத்தோடு சேர்ந்து, ஆட்டத்தின் வழியாகக் கெட்டுப்போனவர்கள் அவர்கள் என்பது போன்ற அவருடைய விளக்கங்கள் ஆர்ப்பனுக்குப் புதிராகவே இருந்தன. எனினும் புரியாததைத் திருத்தாமல் எழுதிவைத்தார். அந்த ஓவியப் படிகள் கேப் டவுனுக்கு வந்தபோது, பிளீக் அவற்றைத் தம் வீட்டிலிருந்த தியாக்வைன் என்ற மற்றொரு சான் மனிதரிடம் காட்டி அவருடைய விளக்கத்தையும் பெற்றார். 1874இல் இவை அச்சேறின.

நூறாண்டுக்குப் பின் அந்தப் புதிர் பயன் தந்தது. டிராக்கன்ஸ்பர்க்கின் காம்பெர்க் பகுதியில் கேம் பாஸ் என்ற பாறை ஒதுக்கு உண்டு. அங்கே தலை தாழ்ந்து, மயிர் சிலிர்த்து, பின்னங்கால்கள் பின்னிக்கொள்ளச் சாகும் நிலையில் ஈலண்ட் மான் ஒன்று தீட்டப்பட்டிருக்கிறது. அதன் வாலைப் பற்றி நிற்கும் மனிதனின் கால்களும் அவ்வாறே பின்னியிருக்கின்றன. அவனுக்குப் பாதத்துக்கு மாறாகக் குளம்பு. நெடுங்காலம் இது வேட்டைக் காட்சி என்றே கொள்ளப்பட்டது. டேவிட் லூயிஸ்-வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர், காபோவும் தியாக்வைனும் க்விங்கும் சொன்ன சொற்களையும், கலகாரிப் பாலையில் இன்றும் வாழும் சான் மக்களின் நோய்தீர்க்கும் ஆட்டத்தைப் பற்றிய பதிவுகளையும் பக்கத்தில் வைத்து இதைப் படித்தார். ஆட்டத்தின் உச்சியில் மருள் கொள்பவர் மூக்கில் இரத்தம் கசியத் தள்ளாடி விழுகிறார். அதை அம்மக்கள் சாவு என்றே சொல்கிறார்கள். சாகும் மானின் ஆற்றல் அவருக்குள் புகுகிறது. மானும் மனிதனும் ஒரே நிலையில் இருப்பதைக் காட்டுவதே அவ்வோவியம் என்பது அவர் விளக்கம். நம் ஊர்க் கோயில் திருவிழாக்களில் அருள் வந்து ஆடுபவரைக் கண்டு வளர்ந்த நமக்கு, இவ்விளக்கம் அத்துணை அயலாகத் தோன்றுவதில்லை.

இதிலும் எச்சரிக்கை தேவை. காபோவின் ஊர் டிராக்கன்ஸ்பர்க்கிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஓரிடத்துச் சொல்லைக் கொண்டு வேறிடத்து ஓவியத்தைப் படிக்கலாமா என்று மறுப்போரும் உண்டு, அம்மறுப்பு நியாயமானதே. ஆயினும் சொற்கள் எழுதிவைக்கப்பட்டிருப்பதால்தான் அந்த விவாதமே நடக்கிறது. சொல் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு நமீபியாவின் பிராண்ட்பெர்க் மலை சான்று. 1918இல் ரைன்ஹார்ட் மாக் என்ற ஜெர்மானியர் அங்கே கண்ட ஓவிய உருவம் ஒன்றை, பிற்காலத்தில் புகழ்பெற்ற பிரெஞ்சு அறிஞர் ஆபே புரூய் மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து வந்த வெள்ளைப் பெண் என்று முடிவு கட்டினார். வெள்ளைச் சீமாட்டி என்ற பெயர் உலகெங்கும் பரவியது. அவ்வுருவம் பெண்ணுமன்று, ஐரோப்பாவிலிருந்து வந்ததுமன்று. ஆப்பிரிக்க மண்ணின் மக்கள் தம்மவர் ஒருவரைத் தீட்டிய உருவமே என்பதை ஆய்வுலகம் பின்னர் ஏற்றுக்கொண்டது. வரைந்த மக்களிடம் கேட்காமல், தாம் அறிந்ததைப் பாறை மேல் ஏற்றிப் படித்ததன் விளைவு அது.

நம் நாட்டிலும் இப்பழக்கம் குறைவன்று. எந்தக் குன்றில் கற்படுக்கை கண்டாலும் அது பஞ்சபாண்டவர் படுக்கை. அது மக்கள் வழக்கு. அதற்கென ஓர் அழகும் உண்டு. படித்தவராகிய நாம் செய்வது வேறு. செங்காவி உருவம் ஒன்றைக் கண்டால் உடனே சங்கப் பாடலில் ஒரு வரியைத் தேடுகிறோம். ஆட்டம் போலத் தோன்றினால் குரவை என்கிறோம். கையில் ஏதேனும் இருந்தால் வேலன் என்கிறோம். பாடலை நன்கறிந்தவர் என்பதாலேயே இந்தத் தவறு நமக்கு எளிதாகக் கைகூடுகிறது. இத்தகைய கட்டுரை ஒன்றை நாமும் ஒருகாலத்தில் எழுதத் தொடங்கினோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். நல்லவேளையாக அது முடிவு பெறவில்லை.

அப்படியானால் தமிழகத்துப் பாறை ஓவியங்களுக்குக் கேட்கத்தக்க வாய் எதுவும் எஞ்சவில்லையா? எஞ்சியிருக்கிறது. நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் வெள்ளரிக்கொம்பை என்ற ஊரை ஒட்டிப் பழைய ஓவியங்கள் கொண்ட பாறை ஒன்று உண்டு. அங்கு வாழும் ஆலு குறும்பர் அதை எழுத்துப் பாறை என்று அழைக்கிறார்கள். ஓவியத்தை எழுத்து என்று சொல்லும் பழந்தமிழ் வழக்கு, ஏடறியாத மலைமக்கள் வாயில் உயிரோடிருப்பதைக் கண்டு நாம் வியந்தோம். அவ்வோவியங்களைத் தம் முன்னோர் வரைந்தவை என்று குறும்பர் கருதுகின்றனர். அதற்கேற்ப அவர்களிடம் இன்றும் ஓவியம் வரையும் மரபு இருக்கிறது. வேங்கை மரத்திலிருந்து வடியும் பாலையும் மண்ணையும் இலைச்சாற்றையும் வண்ணமாகக் கொண்டு கோயிற் சுவரிலும் வீட்டுச் சுவரிலும் தீட்டி வந்தனர். பிற்காலத்தில் தாளிலும் துணியிலும் தீட்டத் தொடங்கினர். எழுத்துப் பாறைக்கும் இன்றைய குறும்பர் ஓவியத்துக்கும் இடையே உறவு எத்தகையது என்பதை ஆய்வாளர்கள் நிறுவட்டும். கேட்பதற்கு அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதே நமக்குப் பெரிது.

அதே நீலகிரியில் கரிக்கியூரில் நிகழ்ந்ததையும் சொல்லாமல் இருக்க முடியாது. இருளர் வாழும் பகுதியை ஒட்டிய அந்தப் பாறைத்தொகுதி, தென்னிந்தியாவின் மிகப் பெரிய பாறை ஓவிய இடங்களுள் ஒன்று. மலையேறச் சென்றவர்கள் ஓவியங்களின் மேல் கீறியும் கிறுக்கியும் சிதைத்துவிட்டனர் என்ற செய்தி 2018இல் நாளிதழில் வெளிவந்தது. பல்லாயிரம் ஆண்டு மழையும் காற்றும் செய்யாததை ஒரு விடுமுறை நாள் செய்துவிட்டது. அதே 2018ஆம் ஆண்டில்தான், தென்னாப்பிரிக்காவின் பிளம்போஸ் குகையில் கிடைத்த சிறு கல்துண்டொன்றில் செங்காவியால் இழுக்கப்பட்ட குறுக்குக் கோடுகள் 73,000 ஆண்டுப் பழமை உடையவை என்ற ஆய்வு வெளியாயிற்று. நகத்தளவு கல்லை அங்கே பஞ்சில் வைத்துப் போற்றுகிறார்கள்.

மீண்டும் கோட்டையூருக்கு வருவோம். இவ்வூர்க்காரர்களுக்குச் சொல் ஒன்றைக் காப்பது எத்தகைய பணி என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ரோஜா முத்தையா இவ்வூரில் வாழ்ந்தவர். விளம்பரப் பலகை எழுதும் ஓவியராகத் தொழில் தொடங்கியவர். பிறர் பழைய தாள் என்று எடைக்குப் போட்ட நூல்களையும் இதழ்களையும் நாடக நோட்டீசுகளையும் திருமண அழைப்பிதழ்களையும் வாழ்நாள் முழுதும் தேடிச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பின், 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்க, அதைக் கொண்டு சென்னையில் ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. இன்று தமிழ் அச்சு வரலாற்றை எழுத முனையும் எவரும் அந்நூலகத்தை விட்டுவிட்டு எழுத இயலாது. திருமண அழைப்பிதழால் என்ன பயன் என்று அவரைக் கேட்டவர்கள் அக்காலத்தில் இருந்திருப்பார்கள். என்ன பயன் என்று தெரிவதற்கு முன்பே சேர்த்துவைப்பதுதான் அப்பணியின் இயல்பு. ஆர்ப்பனும் அப்படித்தான் தமக்குப் புரியாததை எழுதிவைத்தார்.

அச்சிட்டதைச் சேர்க்க ஒருவர் தோன்றிய ஊரிலிருந்து கொண்டு, அச்சேறாத சொல்லை நாம் கைவிட்டோம். சில ஆண்டுகளுக்கு முன் மீண்டும் திருமலைக்குச் சென்றோம். இம்முறை கல்வெட்டைப் பார்ப்பது நோக்கமன்று. அந்த மூதாட்டியைத் தேடிச் சென்றோம். மிகவும் தளர்ந்திருந்தார், ஆடுகளைப் பேரன் பார்த்துக்கொண்டான். பாறையிலுள்ள பொம்மையைப் பற்றி உங்கள் பக்கம் என்ன சொல்வார்கள் ஆத்தா என்று கேட்டோம். சிறிது நேரம் யோசித்தார்.

"எங்க மாமனாரு அதுக்கு ஒரு கதை சொல்லுவாருய்யா. அப்ப நான் காதுல வாங்கல, சோலி கெடந்துச்சு. நீங்க மொதல்ல வந்தப்பக்கூட இருந்தாரு. இப்ப ஆரு இருக்கா சொல்றதுக்கு?"

அந்தக் கதை ஓவியத்தின் உண்மைப் பொருளைச் சொல்லியிருக்கும் என்று நாம் கருதவில்லை. வரைந்தவர்களுக்கும் அவர் மாமனாருக்கும் இடையே எத்தனையோ குடிபெயர்வுகளும் மறதிகளும் நேர்ந்திருக்கும். ஆனால் அப்பாறையோடு பல தலைமுறை வாழ்ந்த மக்கள் அதை எவ்வாறு கண்டனர், அதற்கு அஞ்சினரா, அதைக் கும்பிட்டனரா, பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் காட்டினர் என்பதும் வரலாறுதானே. ஒரு வினா கேட்டிருந்தால் அது கிடைத்திருக்கும். எழுத்தைப் பார்த்தெழுதிய அதே குறிப்பேட்டில் அடுத்த பக்கம் வெறுமையாகத்தான் இருந்தது.

பாறை ஓவியங்கள் உள்ள குன்றுகளுக்குச் செல்லும் நண்பர்களுக்குச் சில வேண்டுகோள்களை வைத்து இக்கட்டுரையை முடிக்கலாம். நிழற்படம் தெளிவாக விழும் என்று ஓவியத்தின் மேல் தண்ணீர் தெளிக்காதீர்கள். நீர் பட்டுக் காய்ந்து உப்புப் படிந்தால் வண்ணம் உதிரும். கல்வெட்டிலும் ஓவியத்திலும் சுண்ணக்கட்டியால் கோடிழுக்காதீர்கள். கையால் தொட வேண்டாம். பாறை ஒதுக்கில் அடுப்பு மூட்ட வேண்டாம். பெயரெழுத வேண்டாம் என்று இவ்விதழின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உடன் வரும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இவற்றோடு இன்னொன்றும் செய்யுங்கள். மலையடிவாரத்தில் ஆடு மேய்ப்பவரையும், விறகு பொறுக்குபவரையும், கோயில் பூசாரியையும் நிறுத்தி, அந்தப் பாறைக்கு என்ன பெயர், அதைப் பற்றி என்ன சொல்வார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொன்னதைத் திருத்தாமல், அவர்கள் பேச்சிலேயே, நாளும் ஊரும் குறித்து எழுதிவையுங்கள். இதற்குத் தொல்லியல் பட்டம் வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும் சற்றுப் பொறுமையும் போதும்.

நம் மாணவர் சிலர் கடந்த விடுமுறையில் தத்தம் ஊர்களில் இப்பணியைத் தொடங்கியிருக்கின்றனர். இதுவரை நிறைந்தது ஒரு குறிப்பேட்டில் பாதி. பெரும்பாலானவை ஓவியத்தைப் பற்றியவையும் அல்ல. பாறைப் பெயர்களும், சுனைப் பெயர்களும், எந்த ஒதுக்கில் மழைக்கு ஒதுங்கலாம் என்பது போன்ற செய்திகளும்தான். அவற்றால் என்ன பயன் என்று இப்போது நமக்குத் தெரியாது. எழுதிவைத்திருக்கிறோம்.